முதல் ஆமெனுக்கே ஓடிய படம்

கர்த்தருக்குள் மிகவும் அன்பான அத்தான் அவர்களுக்கு,

மைத்துனனின் தோத்திரங்கள். இங்கே நானும் என் வீட்டுக்காரியும் தேவ கிருபையால் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். ஜெபம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் உங்கள் முகம் எப்படி மாறியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கை பழக்கத்தில் எழுதிவிட்டது, மன்னிக்கவும்.

மிஷனின் செயலாளர் என்ற முறையில் உங்களுக்கு ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டே வரியில் முடிகிற வேலை. ஆனால் ஆண்டு விழாவில் நடந்தது என்ன என்று உங்களுக்கு முழுதாகத் தெரியாது, ஏனென்றால் நடந்தபோது நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். மேடையில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் மூடிக்கொண்டிருந்தார்கள். பார்த்தவன் சொல்லாவிட்டால் பிறகு ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள். அதனால் இந்தக் கடிதம்.

கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த என்னை நீங்கள்தான் மிஷனுக்குக் கூட்டிவந்தீர்கள். ஆவணப்படம் எடுப்போம், ஊழியத்துக்கு ஊழியமும் ஆச்சு, சமுதாயமும் மாறும் என்றீர்கள். படப்பிரிவு என்று கதவில் பலகை மாட்டினார்கள், உள்ளே நானும் ஒரு கேமராவும் ஒரு கால் நொண்டும் ஸ்டாண்டும் இருந்தோம். அன்றிலிருந்து இன்று வரை ஒரே படத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் கஷ்டம், நடுவில் மிஷன் வண்டி வந்து நிற்கும், கடைசியில் எல்லோரும் சிரிப்பார்கள், பின்னால் பாட்டு ஏறும். இப்போதெல்லாம் நான் போகிற இடத்தில் ஜனங்களே தேறிவிட்டார்கள். வண்டியை விட்டு இறங்கும்போதே, "சார், இப்ப அழணுமா, சிரிக்கணுமா?" என்று கேட்கிறார்கள். நானும் வெட்கமில்லாமல், கொஞ்சம் அழுதுட்டு அப்புறம் சிரிங்கம்மா என்று சொல்லியிருக்கிறேன். அலுத்துவிட்டது அத்தான். கல்யாண வீடியோவிலும் கடைசியில் சிரிக்கத்தான் சொன்னோம், ஆனால் அங்கே அவர்களே சந்தோஷமாக இருந்தார்கள்.

இந்த வருடம் நம் மிஷன் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தைப் படமெடுக்கச் சொன்னார்கள். வழக்கம்போல எடுக்கும் முன்பே தலைப்பு வைத்தாயிற்று, 'வெண்வஸ்திரம்'. அப்பாடா, ஊர் ஊராக அலைய வேண்டாம், என் அறையிலிருந்து மாடிப்படி இறங்கினால் போதும் என்று நினைத்தேன். முதல் நாளே மிஷன் தலைவர் ஐயா முன்னுரை பேச வந்துவிட்டார். காயும் வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே நின்றுதான் பேசுவேன் என்றார். துவைக்கும் மெஷின் போட்ட சத்தத்தில் அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. சரி என்று மெஷினை நிறுத்தினோம். அவர் அன்பைப் பற்றி ஆரம்பித்தார். அன்பு முடிவதற்குள் மேலே வார்டுகளில் விரிப்பு தீர்ந்துபோய், ஆபரேஷன் பண்ணிக்கொண்டிருந்த டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் இறங்கிவந்து எல்லோரையும் ஒரு பிடி பிடித்தார். சலவைக்காரப் பெண்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையுறையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். திட்டு வாங்கும் அவசரத்தில் நான் அதை யோசிக்கவில்லை.

மறுநாள்தான் விஷயம் புரிந்தது. கேமராவை வைத்தால் போதும், எல்லாப் பெண்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கினவர்கள் போல இருக்கிறதே, கையை முன்னால் வையுங்கள் என்றேன். யாரும் அசையவில்லை. பெரியக்கா என்று எல்லோரும் கூப்பிடுகிற மூத்தவள் மட்டும் முன்னால் வந்து கையை நீட்டினாள். அத்தான், நான் எத்தனையோ கஷ்டத்தைப் படமெடுத்தவன், இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை. உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது, விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. ரத்தக்கறை பட்ட துணியை மெஷினில் போடும் முன்னால் கையால் தேய்க்க வேண்டுமாம். கொதிக்கிற தண்ணீர், அதில் பிளீச்சிங் பவுடர், வெறும் கை. "வீட்டுக்குப் போய் பிள்ளை தலையைத் தடவக்கூட முடியல சார், எனக்கு எரியுது, அதுக்கு உறுத்துது" என்றாள். அழவில்லை, சிரிக்கவுமில்லை. நான்தான் கேமராவுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

அந்தக் கைகளை வைத்தே படத்தைச் செய்துமுடித்தேன். பல வருடத்துக்குப் பிறகு சோறு தண்ணி மறந்து வேலை செய்தேன். மிஷன் நிர்வாகக் குழுவுக்குப் போட்டுக் காட்டியபோது நடந்தது உங்களுக்கே தெரியும். விழாவில் படத்துக்குப் பிறகு விருந்து இருக்கிறது, இதைப் பார்த்துவிட்டு யார் சாப்பிடுவார்கள் என்று ஒருவர் கேட்டார். வெளியிலிருந்து விருந்தினர் வருகிறார்கள், நம் ஆஸ்பத்திரி மானம் போகும் என்றார் இன்னொருவர். நீங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மச்சான், முகத்தை மட்டும் வை, கை வேண்டாம்" என்றீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. வெட்டினேன். ஒவ்வொரு கையாகப் பார்த்துப் பார்த்து வெட்டினேன். வெட்டாத படத்தை அழிக்க மட்டும் மனசு வரவில்லை, அதுவும் அதே கம்ப்யூட்டரில் கிடந்தது. எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம், முடித்த படத்துக்குக் 'கடைசி' என்று பேர் வைப்போம், அதையும் திருத்தினால் 'நிஜமாகவே கடைசி' என்று வைப்போம். புரொஜெக்டர்காரர் வாடகைக்கு வந்த மனுஷன், அவர் கண்ணில் முதலில் பட்டது 'கடைசி', அதாவது வெட்டாத படம்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் நம் சபைக்காரர் இல்லை. செயலாளர் ஜெபம் பண்ணுவார், ஆமென் என்றதும் படத்தைப் போடுங்கள் என்று நான் சொல்லிவைத்திருந்தேன். உங்கள் ஜெபம் நீளம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லமாட்டேன். அஸ்திவாரக்கல் போட்டவர்களில் தொடங்கி நீங்கள் இரண்டாம் மாடி கட்டியவர்களுக்கு நன்றி செலுத்திக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் யாரோ உருகிப்போய் ஒரு ஆமென் சொல்லிவிட்டார். நடுவிலும் ஆமென் வரும் என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? விளக்கை அணைத்தார், படத்தைப் போட்டார். நான் பின்வரிசையிலிருந்து எழுந்து ஓடுவதற்குள் பெரியக்காவின் குரல் வந்துவிட்டது. குழுவின் உத்தரவுப்படி எல்லாப் படத்திலும் நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டே, ஆண்டவரிடம் என்ன கேட்பீர்கள் என்று, அதற்கு அவள் சொன்ன பதிலைத்தான் படத்தின் ஆரம்பத்தில் வைத்திருந்தேன். நம் சபையில் ஜெபத்தின் நடுவே யாராவது ஆவியில் ஏவப்பட்டுச் சத்தமாக ஜெபிப்பதும், மற்றவர்கள் விட்டுக்கொடுப்பதும் வழக்கம்தானே. நீங்களும் பெருந்தன்மையாக நிறுத்திக்கொண்டீர்கள்.

"ஆண்டவரே, எங்க கைக்கு ஒரு உறை குடுங்க."

மண்டபம் முழுவதும் கண்ணை மூடியபடி ஆமென் என்றது.

"தொட்டித் தண்ணியோட சூட்டைக் குறைக்கச் சொல்லுங்க. கை புண்ணானா ஆறுற வரைக்கும் லீவு குடுக்கச் சொல்லுங்க, வேலையை விட்டு எடுக்காம."

அதற்கும் ஆமென். மைக் உங்கள் முன்னால் இருந்ததால் எல்லா ஆமெனிலும் உங்களுடையதுதான் பெரிதாகக் கேட்டது. வாசலோரம் நின்ற சலவைக்காரப் பெண்கள் தங்கள் அக்கா குரல் கேட்டுக் கண்ணைத் திறந்துவிட்டார்கள். மிஷனே தங்களுக்காக ஜெபிப்பதை அவர்கள் நின்று பார்த்தார்கள். அவர்களோடு நின்ற பெரியக்கா அப்போதுதான் அழுதாள். வருடக்கணக்காக அழுகையைப் படமெடுத்தவன், அந்த நேரம் பார்த்துக் கையில் கேமரா இல்லை. பிறகு நீங்களெல்லாம் கண்ணைத் திறந்தீர்கள், திரை முழுக்க அந்தக் கைகள். நீங்கள் நிறுத்து நிறுத்து என்று கத்தியபோது புரொஜெக்டர்காரர் என்னைப் பார்த்து, நிறுத்தவும் ஆமென் சொல்லணுமா சார் என்று கேட்டார். பாவம், அவர் மேல் கோபப்படாதீர்கள்.

இப்போது பெரியக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மிஷனை விருந்தினர் முன்னால் அவமானப்படுத்தினாளாம். ஆண்டவர் முன்னால் அத்தனை பேரும் ஆமென் சொன்னீங்களே என்று மற்ற பெண்கள் கேட்கிறார்கள். தெரியாமல் சொன்ன ஆமென் செல்லுமா செல்லாதா என்று குழு கூடிக் கூடிப் பேசுகிறது. போதகர் ஐயாவைக் கேட்டால், யோசித்துச் சொல்கிறேன் என்கிறார். கடைசியில் அவளை நீக்கும் உத்தரவு உங்கள் மேஜைக்குத்தான் வரும், நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது. பழியை முழுக்க என் மேல் போடுங்கள். முகம் மட்டும் இருக்கிற படத்தையும் இரண்டு வரி ராஜினாமாவையும் இத்துடன் தருகிறேன், வெட்டாத படத்தை அழித்துவிடுகிறேன், கேமராவையும் ஒப்படைக்கிறேன். அவளை மட்டும் விட்டுவிடுங்கள். சண்டை போட எனக்குத் தெம்பில்லை அத்தான். நான் எடுத்த படம் எதையும் மாற்றவில்லை, இருந்த ஒரு வேலையைப் பறித்ததுதான் மிச்சம். நான் கல்யாணங்களுக்கே போய்விடுகிறேன்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் குடும்பத்தின்மேல் கர்த்தருடைய கண் எப்போதும் திறந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
இனி மிஷனுக்குப் படமெடுக்காத,
உங்கள் மைத்துனன்.

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போதே அக்கா வந்துவிட்டாள். உங்களுக்குத்தான் எழுதியிருக்கிறேன் என்றதும், "அவரால இப்ப இதைப் பிரிக்கக்கூட முடியாதுடா" என்றாள். உத்தரவில் கையெழுத்துப் போடும் முன்னால் பெரியக்கா சொன்னது பொய் என்று காட்டிவிடலாம் என்று, இன்று காலை யாருக்கும் சொல்லாமல் சலவைக்கூடத்துக்குப் போனீர்களாமே. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டியில் இறக்கித் தேய்த்தீர்களாம். நாலாவது விரிப்பைத் தொடவில்லையாம், அதற்குள் இரண்டு கையும் கொப்பளித்துவிட்டதாம். பேனா பிடிக்க முடியாது, முடிந்தாலும் கையெழுத்துப் போடமாட்டேன், அந்த அம்மாவை வேலைக்குக் கூப்பிடுங்கள் என்று தலைவர் ஐயாவிடமே சொல்லிவிட்டீர்களாம். அத்தான், மேலே எழுதியது ஒன்றையும் படிக்க வேண்டாம், ராஜினாமாவையும் கிழித்துவிட்டேன். அக்கா பையில் களிம்பு இருக்கிறது. அவளோடு நானும் கேமராவை எடுத்துக்கொண்டு வருகிறேன். எரிச்சல் இருக்கும்தான், ஆனாலும் களிம்பு போடுவதற்கு முன்னால் அந்தக் கைகளை நான் ஒரு ஷாட் எடுத்துக்கொள்ள வேண்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.