ஒத்தைவரியார் பூட்டிய சர்வர்

கணக்குப் பிரிவின் சர்வரைத் தன் கையாலேயே பூட்டிவிட்டு, உள்ளே போக வழி தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார் ஒத்தைவரியார்.

அது ஆபீஸ் வைத்த பெயர். கம்ப்யூட்டரில் யாருக்கு என்ன சிக்கல் வந்தாலும், "மவுஸைத் தொடாதீங்க, ஒரே வரிதான்!" என்று ஒரு கட்டளையை அடித்துக் காட்டி, அதன் மகிமையை விளக்கிய பிறகுதான் ஆளை விடுவார். பிரிண்டரில் பேப்பர் தீர்ந்துவிட்டது என்று வந்தவரைக்கூட அரை மணி நேரம் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். பேப்பர் மட்டும் வரவில்லை.

இன்று காலை சர்வருக்குப் பாதுகாப்பைக் கூட்டுகிறேன் பேர்வழி என்று, தன் சீட்டிலிருந்தே "எல்லா வழியையும் அடை" என்று ஒரு வரி அடித்தார். வேண்டிய வழிகளை அடுத்த வரியில் திறப்பதாக உத்தேசம். அடைபட்டதில் அவர் சர்வருக்குள் போயிருந்த வழியும் ஒன்று. நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டியவன்கூட இவ்வளவு பெருமையாக வெட்டியிருக்க மாட்டான்.

"என்ன சார், திரை அப்படியே நிக்குது?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

"யோசிக்குது."

"எதை?"

"அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா."

சாயங்காலம் எம்.டி. கம்ப்யூட்டர் துறைக்குப் புதிய தலைவரை அறிவிக்கப் போகிறார். அந்த நாற்காலிக்காகத்தான் ஒத்தைவரியார் இத்தனை வருஷம் தவம் கிடந்தார். எழுந்து சர்வர் அறைக்கு ஓடினார்.

அங்கே இன்னொரு வரி: ரீஸ்டார்ட். எழுந்த சர்வர் தன் டிஸ்க்கைத் தானே சோதிக்க ஆரம்பித்து, ஆமை வேகத்தில் நகர்ந்தது. பொறுத்தார் பூமி ஆள்வார். இவருக்கு ஏது பொறுமை? பாதியிலேயே பவர் பட்டனை அமுக்கினார். அதன் பிறகு டிஸ்க் என்று ஒன்று இருப்பதையே சர்வர் மறந்துபோனது.

"பேக்கப் இருக்குமே சார்?" பின்னாலேயே வந்திருந்தாள் பக்கத்து சீட்டுக்காரி.

"இல்லாமலா? தினமும் தானா எடுக்கிற மாதிரி ஒரே வரியில எழுதி வச்சிருக்கேன்."

"எங்க போய்ச் சேருது?"

அவர் முகம் வெளிறியது. "அதே டிஸ்க்லதான்."

அவள் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டாள்.

மதியமாகியும் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. போன் வேலை செய்கிறதா என்று எடுத்துப் பார்த்தார். செய்தது. எல்லோரும் நேரே எம்.டி.யிடம் போய்விட்டார்களோ என்று தோன்றியதும் பயத்தில் வேர்த்துக் கொட்டியது. முந்திக்கொண்டு காலில் விழுந்துவிடலாம் என்று கணக்குப் பிரிவுக்கே போனார்.

அங்கே பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மேடம் மும்முரமாக எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், தப்பு நடந்துபோச்சு. உங்க சர்வர் போயிடுச்சு. கணக்கு மொத்தமும் அதோட போச்சு. எம்.டி. காதுக்கு மட்டும் கொண்டுபோயிடாதீங்க!"

மேடம் கண்ணாடிக்கு மேலே அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"எது, அந்தப் பழைய சர்வரா? கணக்கு எல்லாத்தையும் வெளிக் கம்பெனி சர்வருக்கு மாத்தி ஒரு வருஷமாச்சே! உங்ககிட்ட சொன்னா அதுக்கும் ஒரு வரி சொல்லிக்குடுக்க உக்காந்துடுவீங்கன்னு, யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு எம்.டி.தான் சொல்லி வச்சிருந்தாரு."