உறுப்பினர் வன்வட்டு

ஆரணியில் உள்ள பட்டு நெசவாளர் பதிவு அலுவலகத்தின் கணினி, பதினெட்டு ஆண்டுகள் அரும்பணி ஆற்றிய பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை காலை தன்னிடம் இனி இடமில்லை என்று அறிவித்தது. அப்போது வரிசையில் முதலாவதாக நின்றவர் முள்ளிப்பட்டு மணிமேகலை. அவருடைய நெசவாளர் சான்றிதழை அதில் ஏற்றித்தான் அச்செடுக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் கல்லூரியில் கொடுத்தால் மகள் நிலாவுக்கு நெசவாளர் ஒதுக்கீட்டில் இடம். தவறினால் அந்த இடம் வேறு யாருக்கோ.

எழுத்தர் ரஞ்சித்குமார் நல்லவர். கடைத்தெருவுக்கு ஓடிப்போய் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தார். அதைக் கணினியில் செருகும் நேரத்தில் அதிகாரி தணிகாசலம் பில்லைக் கேட்டார்.

"இன்னாய்யா இது, தர்ட் பார்ட்டின்னு போட்டிருக்கு?"

"நம்ம கம்ப்யூட்டர் கம்பெனி டிஸ்க் இப்ப வர்றதில்ல சார். இது வேற கம்பெனி. அதான் தர்ட் பார்ட்டி."

தணிகாசலம் ஆட்சித்தமிழில் பிடிப்புள்ளவர். மனத்துக்குள் மொழிபெயர்த்தார்: மூன்றாம் நபர். விதி பதினொன்றைப் புரட்டினார். 'உறுப்பினர் அல்லாத மூன்றாம் நபர் எவரும் அலுவலகக் கணினியை நெருங்கலாகாது.'

"அது ஆளு இல்லீங்க சார், டப்பா" என்றார் மணிமேகலை.

"விதியில ஆளு, டப்பான்னு பிரிச்சுப் போடலம்மா."

ஆகவே ஹார்ட் டிஸ்க்கை, ஆட்சித்தமிழில் வன்வட்டை, உறுப்பினராக்குவது என்று தீர்மானிக்கப்பட்டது. விண்ணப்பம் எடுத்தார்கள்.

"பாலினம்?"

ரஞ்சித்குமார் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "எக்ஸ்டர்னல்னு இருக்கு சார்."

"பிறந்த இடம்?"

"தாய்லாந்து."

"தாய் ஊர் தெரிஞ்சிடுச்சு. தந்தை ஊர்?"

"சேத்துப்பட்டுன்னு போட்டுக்கலாமா சார்?"

"போடு. யாரு போய்ப் பாக்கப்போறாங்க."

தொழில் என்ற இடத்தில் பட்டு நெசவு என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. இருப்பிடம் மட்டும் காலி. இருவரும் மணிமேகலையைப் பார்த்தார்கள்.

"ஜல்தியா முடியும்னா எங்க வூட்டு அட்ரஸையே போட்டுக்கோங்க சார். ஒரே பேஜாரா கீது."

அறிமுகம் செய்பவர் என்ற இடத்திலும் அவரே கையெழுத்திட்டார். கணினியில் இடமில்லாததால் வன்வட்டின் நெசவாளர் சான்றிதழைக் கையால் எழுதி முத்திரை குத்தினார்கள். மணி மூன்று.

"அப்போ எனக்கும் கையாலயே எழுதிக் குடுங்க சார், நான் கெளம்பறேன்."

"கம்ப்யூட்டர்ல இடம் இல்லன்னாதான் கையால எழுதலாம். இப்பதான் இடம் வந்துகினு இருக்கே!"

முன்பக்கத் துளை வேலை செய்யவில்லை. பின்பக்கத் துளையில் செருகியதும் 'புதிய வன்பொருள் கண்டறியப்பட்டது' என்றது கணினி. அந்த அலுவலகத்தில், வந்தவரை வந்தவுடன் அடையாளம் கண்டுகொண்டது அந்த இயந்திரம் ஒன்றுதான்.

மணிமேகலையின் விவரங்களை ஏற்றியதும் தணிகாசலம் கையை உயர்த்தினார்.

"நிறுத்துய்யா. ஒரு வீட்டுக்கு ஒரு சான்றிதழ்தான். இந்த அம்மா வீட்டுல ஏற்கெனவே ஒரு நெசவாளர் இருக்காரு."

"அது தறியில உக்காருமா சார்?"

"நீங்க உக்காருறீங்களா?"

"இருபது வருஷமா உக்காந்துகினுதான் இருக்கேன்."

"அதுக்கு ஆதாரம்? அவருக்கு இருக்கு, பாருங்க."

மணிமேகலை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு பத்து. அழுவதற்கு நேரமில்லை.

"சரிங்க சார். அந்த நெசவாளரோட வாரிசுன்னு எம் பொண்ணுக்கு எழுதிக் குடுங்க."

தணிகாசலம் விதிகளைப் புரட்டினார். தடையேதும் தென்படவில்லை. உறவுமுறை என்ற இடத்தில் மட்டும் சற்று யோசித்து, 'வளர்ப்புத் தந்தை' என்று தட்டச்சு செய்யச் சொன்னார்.

நிலாவுக்கு இடம் கிடைத்தது. கல்லூரியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. முத்திரை தெளிவாக இருந்தது.

சேதி ஊருக்குள் பரவியது. நடையாய் நடந்தும் சான்றிதழ் கிடைக்காதவர்கள் ஆளுக்கொரு டிஸ்க் வாங்கினார்கள். ஆனால் வன்வட்டை அறிமுகம் செய்ய முன் அனுபவம் உள்ளவர்தான் வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். முன் அனுபவம் உள்ளவர் ஊரில் ஒருவர்தான். திங்கட்கிழமை மணிமேகலை வீட்டு வாசலில் ஒன்பது பேர் நின்றார்கள். கடைசியில் பக்கத்துத் தெரு லாவண்யா.

"அக்கா, ஒரே ஒரு கையெழுத்து. தறி லோனுக்கு நாளைக்குக் கடைசி நாளு."

மணிமேகலை நிமிர்ந்து பார்த்தார்.

"கையெழுத்துப் போடற நேரம் பத்துலேர்ந்து பதினொன்னு. வியாழக்கிழமை வாம்மா."