உட்காரும் குழந்தையும் ஐந்து சனிக்கிழமைகளும்

பிறந்து பத்து நாளான குழந்தையை என்னிடம் கொடுங்கள். தொப்பி மாட்டி, கூடையில் படுக்க வைத்து, அரை மணி நேரத்தில் அம்சமாக ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஆனால் ஒரு மாதம் தாண்டிய குழந்தையோடு யாராவது வீட்டின் முன்னறையில் இருக்கும் என் ஸ்டூடியோ படி ஏறினால், கேமரா ரிப்பேர் என்று சொல்லிவிடுவேன். முழித்துக்கொண்டிருக்கும் மனிதர்களை, எந்த வயதானாலும் சரி, எனக்குச் சமாளிக்கத் தெரியாது. இது என் மனைவிக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் ஆரம்பித்தாள். நம் மகளுக்கு ஒன்பது மாதம் ஆகிவிட்டது, தூங்குகிற படத்தைத் தவிர வேறு படமே கிடையாது, என் அம்மா தன் வீட்டு ஹாலில் மாட்ட ஒரு படம் கேட்கிறாள் என்றாள்.

"உங்களால முடியலைன்னா பக்கத்துத் தெரு ஸ்டூடியோக்காரரைக் கேட்டுக்கறேங்க."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு ரத்தம் கொதித்தது. என் பெண்ணை இன்னொருத்தன் படம் எடுத்து, அது மாமியார் வீட்டுச் சுவரில் தொங்கினால், அதுக்குக் கீழே நான் எந்த முகத்தோடு போய் உட்காருவது?

"நாளைக்கே எடுக்கறேன். ஆனா ஒரு கண்டிஷன். அம்மாவைப் பார்த்தா குழந்தை அம்மாகிட்டதான் ஓடும். ரெண்டு மணி நேரம் நீ ஸ்டூடியோ பக்கமே வரக் கூடாது."

அவள் முகம் வாடியது. "உங்க தொழில்ல நான் தலையிட முடியுமா?" என்று தலையைக் குனிந்துகொண்டாள். பெற்ற மனசு, பாவம்.

சனிக்கிழமை மத்தியானம் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு போனாள். வெள்ளை விரிப்பில் மகளை உட்கார வைத்தேன். கேமராவுக்குப் போவதற்குள் அவள் கேமரா ஸ்டாண்டின் காலைக் கடித்துக்கொண்டிருந்தாள். தூக்கி வந்து உட்கார வைத்தேன். இப்போது விளக்கின் ஒயரைக் கடித்தாள். நான் குரைத்தேன். கத்தினேன். வடிகட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி மாதிரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு படங்களில் பாதிக்கு மேல் முதுகுதான்.

ஆனால் ஒன்று, ஒன்றே ஒன்று! ஒரு காலில் சாக்ஸ் இல்லை, வாயெல்லாம் சிரிப்பு. துள்ளிக் குதித்துக்கொண்டு கதவைத் திறந்தேன். மனைவியின் கன்னத்தில் கோடு கோடாக இருந்தது. கண்கள் சிவந்திருந்தன. இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பிரிந்து அழுதிருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன்.

கம்ப்யூட்டரில் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கண்ணு கொஞ்சம் சின்னதா இல்ல?" என்றாள்.

விடுவேனா? அடுத்த சனிக்கிழமை கண் பெரிதாக வந்தது. காது சரியில்லை என்றாள். மூன்றாவது வாரம் காதும் சரி, ஆனால் "சிரிக்கறா, ஆனா நம்ம பொண்ணு சிரிப்பு மாதிரி இல்லையே" என்றாள். நாலாவது வாரம் என்ன குறை என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ஏதோ ஒன்று குறைகிறது என்றாள். எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது. ஆனாலும் எப்போது சனிக்கிழமை வரும் என்று இருந்தது. என் பெண் என்னைக் கண்டாலே குரைக்க ஆரம்பித்திருந்தாள்.

ஐந்தாவது வாரம் கிடைத்தது, உலகத்திலேயே சிறந்த படம். இரண்டு பல், கை தட்டல், நேர்ப் பார்வை. இனி இவள் அபிப்பிராயமே வேண்டாம் என்று நேராகப் பிரிண்ட் போட்டு, பிரேம் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை மாமியார் வீட்டுக்குக் கிளம்பினேன். அடுத்த வாரம் போகலாமே என்று மனைவி மூன்று தடவை சொன்னாள். நான் கேட்கவில்லை.

ஹாலில் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். சுவரில் ஏற்கெனவே என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு காலில் சாக்ஸ் இல்லை.

"ஒரு மாசமா வர்றவங்க எல்லாம் இதைத்தான் பார்த்துட்டு நிக்கறாங்க, மாப்பிள்ளை," என்றார் மாமியார்.

நான் மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினேன்.

"முதல் வாரமே சூப்பரா வந்துடுச்சுங்க," என்றாள் அவள். "அன்னிக்கே அம்மாவுக்கு அனுப்பிட்டேன். உங்ககிட்ட சொன்னா நிறுத்திடுவீங்களே. ஒன்பது மாசம் கழிச்சு அன்னிக்குத்தான் ரெண்டு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்கினேன்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன்.

"முதல் வாரமே சூப்பரா வந்துச்சா?" என்றேன்.

"பின்னே? இப்படி எடுக்க இந்த ஊர்லயே ஆள் இல்லைன்னு அம்மா சொல்றாங்க. குழந்தை வேற பிடிச்சுக்கிட்டு நிக்க ஆரம்பிச்சிருக்கா. அதைப் படம் எடுக்கறது ரொம்பக் கஷ்டமாம். பக்கத்துத் தெருக்காரரே முடியாதுன்னுட்டாராம்."

"அவன் கிடக்கறான்," என்றேன். "சனிக்கிழமை மூணு மணி நேரம் எடுத்துக்கறேன்."