ஒரே எட்டுச் சொற்கள்

மருதமுனை
12.03.1981

பாசமுள்ள தம்பி ஸலாஹுதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். பேராதனையில் நீயும் மச்சியும் சுகம் என்றே எடுத்துக்கொள்கிறேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. நீ கடிதம் போட்டு மூன்று மாதமாகிறது.

நீ உளவியல் படிப்பிக்கிறவன் என்பதால்தான் உனக்கு எழுதுகிறேன். என்னுடைய டிப்ளோமாவுக்கு உரிய சிறிய ஆய்வை இந்த மாதம் முப்பத்தோராம் திகதிக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் இன்னொரு வருடம். நாற்பத்து நான்கு வயதில், முன்பு என்னிடம் படித்த பிள்ளைகளோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறேன். அவர்கள் என்னைப் பார்த்து எழுதுகிறார்கள்; நான் அவர்களைப் பார்த்து எழுதுகிறேன். இன்னொரு வருடம் இதைத் தாங்க மாட்டேன்.

ஆய்வின் நோக்கம் என்று முதலில் "பிள்ளைகளின் மனத்தை அறிதல்" என எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் சிவப்பு மையால், "எந்தப் பிள்ளைகள்? மனத்தில் எதை? எதைக் கொண்டு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். நியாயமான கேள்விதான். இருபது வருடம் படிப்பித்தும் அதை நான் என்னிடமே கேட்டதில்லை. இரண்டாம் முறை சுருக்கினேன்: தறிச் சத்தம் பத்து வயதுப் பிள்ளைகளின் ஞாபகத்தைப் பாதிக்கிறதா என்று அறிவது நோக்கம், தறிச் சத்தத்தில் பாடமாக்கும் பிள்ளைகள் அமைதியில் பாடமாக்குவோரைவிடக் குறைவான சொற்களையே நினைவில் வைத்திருப்பர், இன்ஷா அல்லாஹ், என்பது கருதுகோள். அவர் "இன்ஷா அல்லாஹ்" என்ற இரண்டு சொற்களையும் வெட்டிவிட்டு, ஓரத்தில் "இதை அளக்க முடியாது" என்று எழுதியிருந்தார். நாளை நடக்கப்போவதை அந்தச் சொல் இல்லாமல் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, தம்பி. கடைசியில் தாளில் எழுதாமல் விட்டேன், வாயால் சொல்லிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு ஹாஜறாவின் கொட்டிலில் ஆறு தறி ஓடுகிறது. பத்துப் பிள்ளைகள் அங்கே இருந்து இருபது சொற்களைப் பாடமாக்குவது, வேறு பத்துப் பேர் பள்ளிக்கூட மண்டபத்தில் அமைதியாக இருந்து அதையே பாடமாக்குவது என்பது ஏற்பாடு. அனுமதி கேட்கப் போன இடத்தில்தான் என் முதல் பிழை. என்னத்துக்கு இது என்று அவள் கேட்க, நான் கருதுகோளை அப்படியே சொல்லிவிட்டேன். அவள் நூலை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப எங்கட தறி புள்ளையள்ர மூளையத் திங்குது எண்டு சொல்றீங்களா டீச்சர்?"

"அப்படி இல்ல ஹாஜறா. நினைக்கிறன். பாத்தாத்தான் தெரியும்."

"சரியா வந்தா?"

"டிப்ளோமா கிடைக்கும்."

"வராட்டி?"

கருதுகோள் பிழைத்தாலும் ஆய்வு ஆய்வுதான் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு வெயிலும் தலையிடியும். "வராட்டி இன்னொரு வருசம்" என்றேன். அது இரண்டாம் பிழை. அவள் தேத்தண்ணி தந்தாள்.

போன சனிக்கிழமை எல்லாம் நடந்தது. மண்டபத்துப் பிள்ளைகளில் ஒன்று பன்னிரண்டு சொல் எழுதியது, ஒன்று பதினைந்து, இப்படிப் பலவிதம். தறிக்கொட்டிலில் பத்துப் பேரும் எட்டு. அதுவும் ஒரே எட்டு. பட்டியலின் முதல் எட்டுச் சொற்கள். இவ்வளவு தெளிவான முடிவு உளவியலில் யாருக்காவது வந்திருக்குமா என்று அரை மணித்தியாலம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு கிணற்றடிக்குப் போனால், அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியான ஹாஜறாவின் மகள் நதீரா வாளியில் தாளம் போட்டுக்கொண்டு இருபது சொற்களையும் பாட்டாகப் படிக்கிறாள்.

"மகள், உனக்கு இருபதும் தெரியுமா?"

"ஓம் டீச்சர். உம்மாதான் எல்லாரையும் எட்டோட நிப்பாட்டச் சொன்ன."

"ஏன் எட்டு?"

"தோக்கவும் வேணுமாம், மானமும் போகப்படாதாம்."

"அந்தச் சத்தத்துக்குள்ள எப்படிப் பாடமாக்கின நீ?"

"சத்தம் இருந்தா உம்மா தறியில இருக்கா. சத்தம் நிண்டாத்தானே பயம். எழும்பி வந்து வேலை சொல்லுவா. அதால படிப்பு ஏறாது."

வாளியின் பக்கத்திலேயே இருந்துவிட்டேன். இரண்டு மாதம் மண்டையை உடைத்து எழுதிய கருதுகோளில், அமைதி என்றால் பிள்ளைக்கு என்ன அர்த்தம் என்று நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

ஹாஜறாவிடம் போனேன். "பொய் சொல்லல்ல டீச்சர்," என்றாள். "தெரிஞ்சதில கொஞ்சம் சொல்லாம விட்டம். டீச்சர்ர கதை பிழைச்சிட்டு எண்டு நாளைக்கு ஊர் சிரிச்சா எங்கட தெருவுக்குத்தானே கேடு?"

அந்த எட்டுகளை அப்படியே அனுப்பலாம். யாருக்கும் தெரியவராது. ஆனால் சோதனையில் பக்கத்துத் தாளைப் பார்க்காதே என்று இருபது வருடம் சொன்ன வாய் இது. அந்தத் தாள்களைக் கட்டி அலுமாரியில் வைத்துவிட்டேன். புதிய கருதுகோள்: தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள், அமைதியைவிட அந்தச் சத்தத்தில் கூடுதலான சொற்களை நினைவில் வைத்திருப்பர். வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனி, வேறு பிள்ளைகள், வேறு சொற்கள். இந்த முறை உன்னையும் என்னையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. கருதுகோளின் வசனம் சரியா என்று பார்த்து உடனே பதில் போடு.

மச்சிக்கு என் ஸலாம். பேராதனைக் குளிரில் உன் நெஞ்சுச் சளி கூடாமல் ரப்பு காப்பாற்றட்டும். உன் பேனைக்கும் கொஞ்சம் சுறுசுறுப்பைக் கொடுக்கட்டும்.

உன் ராத்தா,
ஜெமீலா

பி.கு.: கடிதத்தை மேசையில் விரித்தபடி வைத்துவிட்டு அஸர் தொழப் போனேன். திரும்பி வந்தால் ஹாஜறா கதிரையில் இருக்கிறாள். நதீரா இதை முதலிலிருந்து சத்தமாக வாசித்து முடித்துவிட்டாள். "நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க டீச்சர்," என்கிறாள் ஹாஜறா. "இந்த முறை தறியடியில இருக்கிற பத்துப் பேரும் இருபதுக்கு இருபது. மண்டபத்துப் புள்ளையள் எட்டு. ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாத மாதிரியே இருப்பம். ஆனா இன்ஷா அல்லாஹ்வ மட்டும் தாளில எழுதிடுங்க. அத வெட்டினதாலதான் போன முறை பிழைச்ச."