அஞ்சறைப் பெட்டி மேளம்

புஷ்பவல்லி விளக்குமாற்றைக் கையில் எடுப்பாள் என்று பாரி எதிர்பார்க்கவே இல்லை. அவன் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அக்கா, நம்ம மியூசிக் பொட்டி ஒண்ணு உங்க வூட்டுக்கு தேவைப்படுமா? சும்மா கேட்டு வச்சிக்கலாம்னு தான்."

"எந்தப் பொட்டி? கல்மண்டபத்துல வாசிச்சியே, அதுவா?"

"அதே தான்க்கா! சோக்கா இருந்துச்சில்ல?"

உள்ளே புஷ்பவல்லியின் புருஷன் காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தான். அவள் அவனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வாசல் மூலையைப் பார்த்தாள். விளக்குமாறு அங்கேதான் சாத்தி வைத்திருந்தது.

"காலு தான்டா ஒடஞ்சிகீது அந்த மனுசனுக்கு! உசுரு நல்லா தான் கீது! வந்துட்டான், பொட்டி வேணுமானு கேட்டுகினு!"

காசிமேட்டில் மீன் கூடை சுமந்து பழகிய கை. வீச்சு எட்டாத தூரத்துக்குப் பாரி ஓடினான். தண்டையார்பேட்டையின் அந்தச் சந்தில் ஓடுவதற்கு நிறைய இடம் கிடையாது. இரண்டு பைக்கையும் ஒரு தண்ணீர்க் குடத்தையும் தாண்டிக் குதித்துத்தான் வீடு வந்து சேர்ந்தான்.

பாரிக்குப் பிழைப்பு எண்ணூர் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில். இறாலும் மீனும் கப்பல் ஏறும்வரை கெட்டுப்போகாமல் குளிர்பெட்டிகளைப் பழுது பார்க்கிற வேலை. பேர் சொல்லி அங்கே யாரும் கூப்பிடுவதில்லை. "ஏ, ஏசி!" என்றால் திரும்பிப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து மாடித் தகர அறைக்குள் நுழைந்தால்தான் அவன் பாரி.

அந்த அறையில் அவன் செய்ததுதான் பெட்டி. கடையில் இதை வெளிநாட்டுச் சரக்காக விற்கிறார்கள். வரிசையாக ரப்பர் பொத்தான்கள் இருக்கும். ஒன்றைத் தட்டினால் தவில், இன்னொன்றைத் தட்டினால் உடுக்கை என்று, சேர்த்து இணைத்த போனிலிருந்து சத்தம் வரும். விலையைக் கேட்டால் நமக்கு வேறு சத்தம் வரும். பாரி அதையே மதியின் அஞ்சறைப் பெட்டியில் செய்துவிட்டான். பேர்தான் அஞ்சறை, உள்ளே கிண்ணம் ஏழு. ஒவ்வொரு கிண்ணத்திலும் பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி வைத்து, அடியில் ஒயரைச் சொருகிவிட்டான். மசாலாக் கிண்ணம் மாதிரியே ஒவ்வொன்றையும் தனியாகக் கழற்றி எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம், சத்தமும் கிண்ணத்தோடு கூடவே போகும். கல்யாணச் சீரில் வந்த பெட்டி இப்படி மேளமாகிவிட்டதால், கடுகும் சீரகமும் ஊறுகாய் பாட்டில்களில் குடியேறின.

மதி அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அறையைத்தான் விட்டுக்கொடுக்க முடியவில்லை. அவள் தையல்காரி. கீழே அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் மெஷினைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தாள்.

"இத பாரு," என்று போன வாரம் தீர்ப்புச் சொல்லியிருந்தாள். "ஞாயித்துக்கெயம குள்ள பத்து வூட்டுக்காரங்க 'எங்களுக்கு வேணும்'னு சொல்லட்டும். துட்டு கூட தர வேணாம், வாயால சொன்னா போதும். ரூம நீயே வச்சிக்கோ. இல்லனா என் மெஷினு மேல ஏறும், உன் ஒயருங்க எறங்கும்."

பாரி ஒரு நொடிகூட யோசிக்காமல் ஒத்துக்கொண்டான். அந்தத் தைரியத்துக்குக் காரணம் இருந்தது. போன மாதம் கல்மண்டபத்தில் ஒரு படகுக்காரர் இறந்துபோனார். கானா பாடுகிற திலீப், பாரியின் தோஸ்து. அன்றைக்கு மேளக்காரர் வரவில்லை என்று பாரியையும் பெட்டியையும் இழுத்துக்கொண்டு போனான். திலீப் பாட, பாரி தட்ட, தெருவே தோளைக் குலுக்கியது. அழுதவர்கள் ஆடினார்கள், ஆடியவர்கள் அழுதார்கள். யாரோ ஒருவர் கூட்டத்திலிருந்து, "அடி பாரி!" என்று கத்தினார். பேர் சொல்லிக் கத்தினார். அந்தக் குரலுக்காகவே பிறந்து வளர்ந்த மாதிரி பாரிக்கு இருந்தது.

அப்படிப்பட்ட பெட்டிக்குத் தெருவில் பத்துப் பேர் கிடைக்கமாட்டார்களா என்ன?

"கெடைக்க மாட்டாங்க," என்றாள் மதி, விளக்குமாற்றுக் கதையைக் கேட்டுவிட்டு. "உன் பொட்டிக்கு வெளிய இன்னா பேரு தெரியுமா? சாவு பொட்டி! அத்த எடுத்துகினு போயி, உனுக்கு ஒண்ணு தேவைப்படுமானு கேட்டா, ஆரத்தியா எடுப்பாங்க?"

பாரி அதை யோசித்திருக்கவில்லை. ஆனால் பிரச்சினை புரிந்துவிட்டால் தீர்ப்பது சுலபம் என்பது மெக்கானிக்குகளின் நம்பிக்கை. உடனே தெரு வாட்ஸப் குழுவில் குரலைப் பதிவு செய்து அனுப்பினான்.

"தெரு மக்களுக்கு வணக்கம். என் பொட்டி சாவுக்கு மட்டும்னு நெனச்சிகினு கீறீங்க. அப்பிடி இல்ல. நீங்க உசுரோட இருக்கசொல்லவும் வாசிக்கலாம். இருக்கறவரைக்கும் வாசிச்சிட்டு, அப்பாலயும் வாசிக்கலாம். உங்க வூட்டுக்கும் சீக்கிரம் வேணும்னு தோணுறவங்க மட்டும் கட்ட வெரல் போடுங்க."

ஒரு கட்டை விரல் வந்தது. அது பாரியே கை தவறிப் போட்டது.

பிறகு ஒவ்வொருவராகக் குழுவை விட்டு வெளியேறினார்கள். நெஞ்சு வலி என்று ஸ்கேன் எடுத்துவிட்டு வந்திருந்த பொன்ராஜ் மாமா மட்டும் போகிற போக்கில் ஒரு பதில் குரல் அனுப்பினார்.

"ஏன் நைனா, ரிப்போர்ட்டு உனுக்கு மொதல்ல வந்துடுச்சா?"

அன்று சாயங்காலம் பாரி டீ குடிக்கப் போனபோது, எதிரே கருணாகரன் கடையிலிருந்து புஷ்பவல்லி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். இவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். கருணாகரன் ஷாமியானா, சேர், இறந்தவரை வைக்கிற ஐஸ் பெட்டி எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். ஐஸ் பெட்டி மக்கர் செய்தால் பாரிதான் சும்மா சரிபார்த்துக் கொடுப்பான். தன்னைப் பற்றிப் புகார் சொல்ல ஊரில் கடை கடையாக ஏறி இறங்குகிறாள் போல என்று பாரிக்கு மனசு கசந்தது.

கருணாகரன் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு காலிலிருந்து தலைவரை பார்த்தார்.

"ஒடம்பு எப்பிடி கீது பாரி?"

"நல்லா தான்ணே கீது."

"நல்லதுப்பா, நல்லது. ஆமா, நீ எவ்ளோ ஹைட்டு?"

"எதுக்குணே?"

"சும்மா கேட்டு வச்சிக்கலாம்னு தான்," என்றார் கருணாகரன். அதற்குள் அவருடைய போன் அடித்தது. எடுத்து, "சொல்லுங்க பொன்ராஜி," என்றபடி பாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

புருஷன் முகம் வாடிப்போனதை மதியால் பார்க்க முடியவில்லை. பந்தயம் பந்தயம்தான், அதற்காக அவன் இப்படியா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்?

"யோவ், நம்ம தெரு மலரு கொயந்தைக்கு சனிக்கெயம காதுகுத்து. திருவொத்தியூர்ல மண்டபம். நான் சொல்லி வச்சிட்டேன். நல்ல காரியத்துல ஒரு தபா வாசிச்சிடு, சாவு பொட்டின்ற பேரு தன்னால பூடும்."

பாரிக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கட்டியும் பிடித்தான். அப்புறம் வெறி பிடித்த மாதிரி வேலை செய்தான். ஓரத்து ஆறு கிண்ணங்களிலும் நாயனம், தவில், குலவை, மணி என்று மங்கலமாகவே ஏற்றினான். நடுக் கிண்ணத்தை மட்டும் தொடவில்லை. அதில் கல்மண்டபத்து அடி இருந்தது. அதை அழிக்க அவனுக்கு மனசு வரவில்லை. நடுவில் கை வைக்காமல் வாசித்தால் போச்சு.

சனிக்கிழமை காலை, நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு இப்படியா அழுக்காக எடுத்துப் போவது என்று மதி பெட்டியை எடுத்தாள். ஏழு கிண்ணத்தையும் கழற்றி, புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, பளபளவென்று திரும்ப மாட்டி வைத்தாள். எந்தக் கிண்ணம் எங்கே என்று அவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? அது அவளுடைய பெட்டி. விளிம்பில் அடிபட்டு நசுங்கியிருந்தது எப்போதும் கடுகுக் கிண்ணம், அது போகும் இடம் ஓரம். பளிச்சென்று இருப்பது நடுவில். கை வாகுக்கு எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது.

நசுங்கிய கிண்ணத்தில்தான் கல்மண்டபம் இருந்தது.

மண்டபத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். "இப்ப வாசி!" என்று மலர் கையைக் காட்டினாள். நாயனம் கேட்கப்போகிற சந்தோஷத்தில் பாரி ஓரத்துக் கிண்ணத்தை ஓங்கித் தட்டினான்.

முதலில் சங்கு முழங்கியது. அதைத் தொடர்ந்து அந்த அடி வந்தது.

அந்த அடியைக் கேட்டால் வடசென்னையில் எவருடைய கையும் காலும் மூளையைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. பந்தியில் இருந்தவர்கள் சட்டென்று எழுந்து நின்றார்கள். இரண்டு இளவட்டங்கள் தோளைக் குலுக்க ஆரம்பித்தார்கள். பெண்கள், யார் யார் என்று சுற்றிலும் தேடினார்கள். முன்வரிசையில், முதல் பந்தியிலேயே பிரியாணியை முடித்துவிட்டு, வாயைப் பிளந்து தலையைச் சாய்த்துக் கண்மூடிக் கிடந்தார் பொன்ராஜ் மாமா. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி.

"ஐயோ மாமா! ஸ்கேனு எடுத்தியே மாமா!" என்று ஒருத்தி அவர் மேல் விழுந்தாள். அடுத்தடுத்து நாலு பேர் விழுந்தார்கள்.

பாரி பதறிப்போய் சத்தத்தை நிறுத்த இன்னொரு கிண்ணத்தைத் தட்டினான். குலவை கேட்டது. அது இன்னும் கோரமாக இருந்தது.

பொன்ராஜ் கண்ணைத் திறந்தார். தன்னைச் சுற்றி இத்தனை பேர் மார்பில் அடித்துக்கொள்வதைப் பார்த்தார். "இன்னாமே ஆச்சு? யாரு பூட்டாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவரும் ஓவென்று அழ ஆரம்பித்தார். குழந்தை எல்லாருக்கும் மேலே அழுதது. ஆசாரி அந்தக் குழப்பத்திலும் இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார், தொழில்காரர்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மதி பெட்டியை மடியில் வைத்துக் கிண்ணங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். கிண்ணம் மாற்றி வைத்தது தான்தான் என்று புரிந்ததும், "ஏன்யா, எது எதுனு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று மட்டும் கேட்டாள். பாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கோபப்படக்கூட அவனிடம் தெம்பு இல்லை.

ஆச்சரியம் என்னவென்றால், அதன் பிறகு தெருவில் யாரும் அவனைத் திட்டவில்லை. அன்று மாலையே புஷ்பவல்லி ஒரு கிண்ணம் நிறைய சுறாப் புட்டு கொண்டுவந்து கொடுத்தாள். "நல்லா சாப்புடு தம்பி. ஆசப்பட்டத சாப்டுடணும்," என்று கண்ணைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனாள். டீக்கடையில் காசு வாங்க மறுத்தார்கள். பொன்ராஜ்கூட எதிரே வந்து முதுகில் தட்டி, "மனசுல எதுவும் வச்சிக்காத நைனா," என்றார். தோற்றுப் போனவனுக்கு ஊர் காட்டுகிற இரக்கம் இது என்று பாரி நினைத்துக்கொண்டான். விளக்குமாறே பரவாயில்லை என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பத்து வேண்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை.

பாரி ஒயர்களைச் சுருட்டிக் கீழே இறக்கினான். ஏழு கிண்ணத்திலிருந்தும் ரப்பரைப் பிய்த்து எடுக்கும்போது அவனுக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிய்த்தான்.

"வுடுய்யா," என்றாள் மதி. "ரூம நீயே வச்சிக்கோ. நான் இப்பிடியே கீழ தச்சிக்கிறேன்."

"பேச்சு பேச்சு தான், மதி. ஒருத்தருக்கும் வேணாம்னு ஆயிடுச்சி. இனிமே எதுக்கு?"

வாசலில் ட்ரைசைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டது. கருணாகரன் இறங்கி, உள்ளே எட்டிப் பார்த்தார். பின்னால் வண்டியில் அவருடைய ஐஸ் பெட்டி, துணியால் மூடியபடி இருந்தது. ரிப்பேருக்குக் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து பாரி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எய்ந்து நடமாடுறியே, பரவால்லியே!" என்றார் கருணாகரன். பிறகு பிய்த்துப் போட்ட ரப்பர்களைப் பார்த்துத் திடுக்கிட்டார். "இன்னா நைனா, பொட்டிய பிரிச்சிகினு கீற? பத்து பேரு என்னான்ட சொல்லி வச்சிகீறாங்களே!"

"இன்னாது?" என்றான் பாரி.

"உன் பொட்டி தான். என் ஐஸ் பொட்டியோட சேத்து அனுப்பி வுடணும்னு. புஷ்பவல்லி, பொன்ராஜி, நேத்து அந்த மலரு... ஒருத்தர் பாக்கி இல்ல. அந்த அடி இல்லாம அனுப்பவே கூடாதாம்."

பாரி மதியைப் பார்த்தான். மதி விரலை மடக்கிப் பத்து எண்ணி, "ரூமு உனுக்கு தான்யா!" என்று கத்தியே விட்டாள். பாரி ஓடிப்போய்க் கருணாகரனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான்.

"அப்ப ஏன்ணே என்ன தொரத்தி தொரத்தி அடிச்சாங்க? என்னான்டயே சொல்லியிருக்கலாமே?"

"எப்பிடிப்பா சொல்லுவாங்க? தன் வூட்டு சாவுக்கு தானே வாய தொறந்து எவனாவது பொட்டி கேப்பானா? நான் வேற, போன எடுத்தா மொத கேள்வியே எந்த வூட்டுலன்னு தான் கேப்பேன். பயக்கம் ஆயிடுச்சி."

"எந்த வூடுன்னு சொன்னாங்க?" என்று கேட்டாள் மதி.

கருணாகரன் பாரியைத் தலையிலிருந்து கால்வரை மறுபடியும் ஒருமுறை பார்த்தார்.

"பத்து பேரும் இந்த வூட்டு அட்ரஸ்ஸ தான் குடுத்தாங்க தாயி. இப்பவாவது சொல்லு நைனா, நீ எவ்ளோ ஹைட்டு?"