ரப்லெற்றைப் பியானோவோடு கொழுவிய கதை

இயந்திரம் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் வந்துவிட்டால் அவனைக் கடவுளாலும் காப்பாற்ற முடியாது. முல்லைத்தீவுக் கரையில் படகு இஞ்சின் திருத்துகிறவன் நான். நடுக்கடலில் நின்றுபோன இஞ்சினை அலையில் ஆடிக்கொண்டே கிளப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட கைக்கு, ஒரு டிஜிட்டல் பியானோவைத் தொடுதிரை ரப்லெற்றோடு இணைப்பது எம்மாத்திரம் என்று நினைத்தேன். (நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுத்தது.)

இஞ்சின்காரனுக்குப் பியானோ எதற்கு என்று கேட்பீர்கள். என் மனைவி ஜெசிந்தா அப்போது சைப்பிரசில் ஒரு வயதான பெண்மணியைப் பராமரிக்கும் வேலையில் இருந்தாள். அந்த வீட்டில் ஒரு பியானோ நின்றது. நாளாந்தம் தூசு துடைப்பாளாம். ஒரு கட்டையைக்கூட அழுத்திப் பார்க்க விடமாட்டார்களாம். அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஒப்பந்தம் முடிகிற நேரம். இன்னும் இரண்டு வருசம் நிற்கவா, வரவா என்று கேட்டிருந்தாள். வா என்று சொல்ல எனக்கு உயிர் துடித்தது. அவள் இல்லாத வீட்டில் நான் திருவும் தேங்காய்ப்பூ நன்றாகத்தான் வந்தது, சம்பல்தான் தொண்டையால் இறங்கவில்லை. ஆனால் என் வாயில் வந்தது, "உம்மட விருப்பம்" என்ற இரண்டு சொல். (எங்கள் பரம்பரையில் ஆண்கள் மனைவியிடம் அன்பை வாய்விட்டுச் சொன்னதாகத் தகவல் இல்லை.)

சொல்ல வராததை வாசித்தாவது காட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. பரந்தனில் வெளிநாட்டுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம் தங்கள் பியானோவை விற்றது, வாங்கிவந்தேன். ரப்லெற்றில் இசை பழக்குகிற செயலி இருக்கிறது, இரண்டையும் கொழுவிவிட்டால் அதுவே பழக்கும் என்றார்கள். ஒரு பாட்டைப் பழகி, வீடியோ அழைப்பில் வாசித்து, "இது உமக்குத்தான், வாரும்" என்று சொல்வது என் திட்டம்.

கொழுவினேன். ரப்லெற்றின் புளூடூத்தில் பியானோவின் பெயர் வந்தது. அழுத்தினேன், இணைந்துவிட்டது என்றது. செயலியைத் திறந்தால், பியானோவைக் காணவில்லையே, மீண்டும் முயலுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் குழைந்தது. அந்தக் குரல் வந்ததே பியானோவின் ஒலிபெருக்கியில் இருந்துதான். உள்ளே இருந்துகொண்டே காணவில்லை என்கிறாள். (சத்தம் போகும் வழி வேறு, எந்தக் கட்டையை அழுத்தினோம் என்ற செய்தி போகும் வழி வேறு, இரண்டாவதைச் செயலிக்குள் போய்த்தான் திறக்க வேண்டும். இதெல்லாம் பிறகு வந்த ஞானம்.) சத்தத்தை உச்சத்துக்குக் கூட்டினேன். கடைசியில், "எவ்வளவு நேரமாக் கேக்கிறன், ஒருக்கா ஓமெண்டு சொல்லன்" என்று கெஞ்சத் தொடங்கினேன்.

பக்கத்து வளவில் மச்சாள், அதாவது ஜெசிந்தாவின் அக்கா, வேலிக்கு மேலால் எட்டி, உள்ளே என்ன சத்தம் என்று கேட்டா. "கொழுவிக்கொண்டு நிக்கிறன் மச்சாள், பிறகு வாறன்" என்றேன். எங்கள் பக்கத்தில் ஒன்றோடொன்றை மாட்டுவதும் கொழுவுதல், சண்டை பிடிப்பதும் கொழுவுதல். வீட்டுக்குள் பெண் குரல் குழைகிறது, நான் கெஞ்சுகிறேன், இப்போது கொழுவுகிறேன். சைப்பிரசுக்குச் செய்தி அனுப்ப மச்சாளுக்கு வேறென்ன வேண்டும்.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் செபமாலை. ஒக்டோபரில் மாதா சொரூபம் வீடு வீடாக வரும். நான் அதை அடியோடு மறந்துபோனேன். சனம் படலையில் வந்து நின்றபோது ரப்லெற்றைப் பின் அறையில் வைத்து, அழைப்பு மணிச்சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு ஓடிவந்தேன். அதற்குள் மச்சாள் பியானோவின் மூடியைச் சாத்தி, வெள்ளைத் துணி விரித்து, மேலே மாதாவை வைத்துப் பூவும் வைத்துவிட்டா. அதைவிட நல்ல மேசை அந்த வீட்டில் இருக்கவில்லை. பியானோவை நிறுத்தவில்லை என்ற ஞாபகம் எனக்கு வரவில்லை.

பிரார்த்தனை நடுவில் மழை தொடங்கியது. பின் அறையில் ரப்லெற் மின்னியது. ஜெசிந்தா. மெல்ல நழுவிப் போய்க் கதவைச் சாத்தி எடுத்தேன். கண் சிவந்திருந்தது, உதடு அசைந்தது, சத்தம் மட்டும் இல்லை. தகரக் கூரையில் மழை வேறு.

"ஒண்டும் கேக்குதில்லை. பெலத்துக் கதையும்" என்றேன்.

பெலத்துக் கதைத்தாள். அவள் குரல் முழுவதும் கூடத்தில், பியானோ வழியாக, மாதாவின் காலடியில் இருந்து வந்துகொண்டிருந்தது. (முதற் கேள்வி, "ஆரந்தப் பொம்பிளை?" என்பதாம். முன்வரிசையில் முழங்காலில் நின்ற மச்சாளின் புருசன் தலையைக் குனிந்துகொண்டார் என்று பிற்பாடு அறிந்தேன்.) கதவுக்கு வெளியே மழையோடு மழையாக ஒரு பெண் குரல் கேட்டதுதான். மச்சாள் பிரார்த்தனையை உச்சத்தில் எடுத்துவிட்டா என்று நினைத்தேன்.

ஜெசிந்தா நெடுநேரம் பேசினாள். பேசிப் பேசி அழுதாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஊமைப்படம் பார்க்கிறவன் போல நின்றேன். கையை நீட்டினால் கண்ணாடிதான் தட்டுப்பட்டது. கடைசியில் அவள் கேள்வி கேட்டது போல நிறுத்தினாள். ஒப்பந்தத்தைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்து, வழக்கம்போல, "உம்மட விருப்பம்" என்றேன்.

கதவு திறந்தது. கையில் செபமாலையோடு மச்சாள், அவவுக்குப் பின்னால் செபத்துக்கு வந்த சனம் அத்தனையும்.

"என்ர தங்கச்சி மாதாவுக்குக் கீழ இருந்து அழுகிறாள், நாங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நிக்கிறம். ஒருக்கா வா எண்டு சொல்லச் சொல்லித்தான் கேக்கிறாள். சொல்லும் தம்பி."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பொங்கிவந்த வெட்கத்துக்கு அந்த அறை போதவில்லை. ஆனாலும் ஊர் பார்த்திருக்க, என் பரம்பரையிலேயே முதல் ஆளாகச் சொன்னேன்:

"இஞ்சாரும், வாரும். நீர் இல்லாமல் எனக்கு ஏலாது."

பின்னால் யாரோ பழக்கதோசத்தில் "ஆமென்" என்றார்.

அவள் வந்துவிட்டாள். செயலிக்குள் போய் அந்த இரண்டாவது வழியைத் திறந்ததும் அவள்தான். இப்போதும் ஒக்டோபரில் சொரூபம் எங்கள் வீட்டுக்கு வந்தால், மாதா இந்த முறை கதைப்பாவோ என்று கேட்டுவிட்டுத்தான் சனம் முழங்காலில் நிற்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஆனால் அந்த முதற் கேள்விக்கும் வா எண்டு சொல்லுங்கோ என்பதற்கும் இடையில் அவள் அவ்வளவு நேரம் என்ன சொன்னாள் என்று எனக்கு இன்னமும் தெரியாது. மச்சாளிடம் கேட்டால் முகம் சிவந்து, அடுப்பில் கறி என்று போய்விடுகிறா. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஜெசிந்தாவிடம் கேட்டால், கட்டையில் இருந்து கையை எடுக்காமல், "ஒருக்காச் சொல்லியாச்சு. கேட்ட ஆக்களிட்டக் கேளுங்கோ" என்கிறாள். என் மனைவி எனக்குச் சொன்னவற்றை ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது. நான் ஒருவன்தான் கேட்கவில்லை.