செவ்வாய்க்கிழமைக் கேப்டன்

இனிமேல் மனைவியிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்று செக்கர் முடிவு செய்தார். கேட்டால்தானே அவள் பதில் சொல்வாள்? பதில் சொன்னால்தானே இவர் வாயடைத்து நிற்க வேண்டும்? பேச்சே வேண்டாம். துப்பறிவது ஒன்றுதான் வழி.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கிற வேலையில் தலை நரைத்ததால் தெரு முழுக்க அவர் செக்கர்தான். ஏறின மாத்திரத்தில் டிக்கெட் எடுக்காத ஆளை மோப்பம் பிடித்துவிடுவார். ஜன்னல் வழியே அளவுக்கு மீறி இயற்கையை ரசிக்கிறவன், இவரைப் பார்த்ததும் திடீரென்று தூங்கிப்போகிறவன், இல்லாத கைக்குட்டையைப் பைக்குள் தேடுகிறவள் என்று எல்லாரும் அவருக்கு அத்துப்படி. அவர் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் வைத்திருக்கிறவனே ஒரு தடவை பையைத் தடவிப் பார்த்துக்கொள்வான்.

அப்புறம் மெஷின் வந்தது. பயணிகள் அட்டையைக் காட்டினார்கள், மெஷின் கீச்சென்றது, கதை முடிந்தது. நிர்வாகம் செக்கரைக் கூப்பிட்டு, நல்ல வார்த்தை நாலு சொல்லி, டெப்போவின் பின்பக்கம் தொலைந்த பொருள்கள் வைக்கும் அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தது. சுற்றிலும் குடைகள், ஒற்றைச் செருப்புகள், யாரோ மறந்துவிட்டுப்போன மூக்குக்கண்ணாடிகள். அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை.

"என் குடை இங்க இருக்கான்னு பாக்கணும் சார்."

"என்ன கலர்?"

"கறுப்பு."

"எல்லாக் குடையும் கறுப்புதான். கடைசியா எப்ப விரிச்சீங்க?"

"மழை பெய்யும்போது சார்."

"ம்... பதிலைத் தயாரா வச்சுக்கிட்டுத்தான் வந்திருக்கீங்க."

இப்படியே போனதில், பாதிப் பேர் குடையே வேண்டாம் என்று ஓடிவிட்டார்கள்.

வீட்டில்தான் விஷயம் மோசம். சாயங்காலம் ஆனால் செக்கருக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். காரணம் கேட்டால் தெரியாது. வாசல் கதவைப் பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், படுப்பார், எழுந்துபோய் மறுபடி இழுத்துப் பார்ப்பார். அவர் இழுத்த இழுப்பில் பூட்டே தளர்ந்துவிட்டது. சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரே மகள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு வீடும் ஓவென்று கிடந்தது.

"யார்கிட்டயாவது மனசுவிட்டுப் பேசுங்களேன். அதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்க," என்றாள் மனைவி.

"எனக்கென்ன பைத்தியமா?"

"பல்லு வலிச்சா டாக்டர்கிட்ட போறதில்லையா?"

"பல்லு பேசாது. போனோமா, வாயைத் திறந்தோமா, வந்தோமான்னு இருக்கலாம். இங்க வாயைத் திறந்தா வம்பு."

மனைவி மழலையர் பள்ளியில் டீச்சர். ஒரு வகுப்பு நிறைய அடம்பிடிக்கிற பிள்ளைகளைச் சாப்பிடவைத்துத் தூங்கவும் வைக்கிறவள். அவள் அதற்குமேல் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. அந்த இடத்திலேயே செக்கர் உஷாராகியிருக்க வேண்டும்.

அடுத்த வாரத்திலிருந்து வியாழக்கிழமைகளில் அவள் தாமதமாக வர ஆரம்பித்தாள். முகத்தில் ஒரு பளபளப்பு. தனக்குத்தானே ஒரு சிரிப்பு.

"எங்க போயிட்டு வரே?"

"சும்மாதாங்க."

சும்மா! தமிழில் அதைவிடச் சந்தேகத்துக்கு இடமான வார்த்தை கிடையாது. டிக்கெட் எடுக்காத ஒவ்வொருத்தனும் "சும்மா அடுத்த ஸ்டாப் வரைக்கும்தான் சார்" என்றுதான் ஆரம்பிப்பான். அன்றைக்குத்தான் செக்கர் அந்த மாபெரும் முடிவை எடுத்தார்.

மறுவியாழன் பள்ளிக்கூட வாசலில் இருந்தே பின்தொடர்ந்தார். கடைத்தெருக் கூட்டத்தில் ஒரு தடவை அவளைத் தவறவிட்டுவிட்டார். நல்லவேளையாக அவள் செருப்பு வாரைச் சரிசெய்ய ஓரமாக நின்றாள். அதிர்ஷ்டம் நம் பக்கம் என்று செக்கர் மீசையைத் தடவிக்கொண்டார். கடைசியில் அவள் ஒரு மாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாள். எதிரே ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வாசல் பலகையைப் படித்தார். 'மனம் திறந்து பேசுங்கள். ஆலோசனை மையம்.'

செக்கர் பலகையை மறுபடியும் ஒரு தடவை படித்தார். இவள் எதற்கு இங்கே? யாரைப் பற்றிப் பேச? வேறு யார் இருக்கிறார்கள், தன்னைப் பற்றித்தான். இந்த மனுஷனோடு இனி காலம் தள்ள முடியாது, குடைகளுக்குக் காவல் இருக்கிற ஆளோடு எத்தனை நாள்தான் இருப்பது என்று எவளோ ஒருத்தியிடம் அழுகிறாள். அந்த எவளோ ஒருத்தி, விட்டுட்டுப் போயிடும்மா என்று சொல்லிக்கொடுக்கிறாள். மகளும் போயாச்சு. இவளும் போய்விட்டால்? அதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

உள்ளே என்ன பேசுகிறாள் என்று தெரிந்தே ஆக வேண்டும். அதற்கு உள்ளே போக வேண்டும். வியாழன் போனால் மாட்டிக்கொள்வோம், செவ்வாய் போகலாம். டெப்போவில் அன்றைக்கு அரை நாள்தான் வேலை. வீட்டில் "செவ்வாய்க்கிழமை குடையெல்லாம் சரிபார்க்கிறாங்க, லேட்டாகும்" என்று சொல்லிவைத்தார்.

"நல்லா பாத்துட்டு வாங்க," என்றாள் மனைவி.

மாறுவேஷம் வேண்டாமா? யோசித்து யோசித்து, கப்பல் கேப்டன் என்று சொல்லிக்கொள்வதாக முடிவு செய்தார். பஸ்ஸுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு பயலுக்கும் சந்தேகம் வராது. கடலைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும் என்பது வேறு விஷயம்.

ஆலோசகர் அவர் மகளைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருந்தாள். குரல் உயரவே இல்லை. செக்கர் உட்காரும் முன் சுவரில் மாட்டியிருந்த அவளுடைய பட்டத்தை ஆணியிலிருந்து கழற்றி, வெளிச்சத்தில் காட்டி, பின்பக்கமும் பார்த்துவிட்டு மாட்டினார். பிறகு அறையை எடைபோட்டார். மேஜைமேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. அழவைக்கத் திட்டம். கடிகாரம் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி இருந்தது. அதிலும் ஏதோ திட்டம். மேல்மாடியிலிருந்து டொக், டொக், டொக் என்று சத்தம் வேறு.

"மேல என்ன சத்தம்?"

"விளையாடறாங்க. தொந்தரவா இருக்கா?"

விளையாட்டாம்! இங்கே பேசுவதை எல்லாம் மேலே ஒருத்தன் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருக்கிறான். செக்கர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் ஒரு கப்பல் கேப்டன்."

"சொல்லுங்க கேப்டன்."

"அது இருக்கட்டும். இங்க ஒரு டீச்சரம்மா வர்றாங்கன்னு வச்சுக்குங்களேன், ஒரு பேச்சுக்கு. வியாழக்கிழமை. அவங்க வீட்டுக்காரரைப் பத்தி என்னவெல்லாம் சொல்லுவாங்க?"

"யார் வர்றாங்க, யார் வரலைன்னுகூட நான் வெளிய சொல்ல மாட்டேன். நீங்க வந்ததையும் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

அழுத்தக்காரி, என்று செக்கர் மனசுக்குள் பாராட்டினார். இவளிடம் நேராகப் போய்ப் பயனில்லை. கொஞ்ச நேரம் எதையாவது பேசி நம்பவைத்து, அசந்த நேரத்தில் மடக்க வேண்டும். எதையாவது என்றால் எதை? கேப்டனுக்கு ஒரு கஷ்டம் வேண்டுமே. கைவசம் இருந்தது ஒரே கஷ்டம்தான்.

"கப்பலை எடுத்துட்டாங்க. என்னைக் கரையில ஒரு ரூம்ல உக்கார வச்சுட்டாங்க."

"அது எப்படி இருக்கு உங்களுக்கு?"

"எப்படி இருக்கும்? ஒருத்தனும் பயப்பட மாட்டேங்கிறான்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் செக்கர் எழுந்து போயிருப்பார்.

அடுத்த செவ்வாயும் போனார். விசாரணை இன்னும் முடியவில்லையே. அதற்கடுத்த செவ்வாயும் போனார். பேச்சுவாக்கில் பூட்டு விஷயமும் வெளியே வந்தது. ஒவ்வொரு தடவையும் வாசலில், இன்றைக்கு இவளை மடக்காமல் விடுவதில்லை என்று சொல்லிக்கொண்டு உள்ளே போவார். வெளியே வரும்போது மடங்கியிருப்பது யார் என்று அவருக்கே குழப்பமாக இருக்கும்.

"பூட்டை இழுத்துப் பாக்கும்போது மனசு என்ன சொல்லுது?" என்று கேட்பாள்.

"பூட்டலைன்னு சொல்லுது."

"பூட்டினது யாரு?"

"நான்தான்."

"அப்ப யார்மேல சந்தேகம்?"

வாழ்நாள் முழுக்க ஊரார்மேல் சந்தேகப்பட்டவருக்குத் தன்மேலேயே வழக்கு திரும்பும் என்று யார் கண்டது? அவள் ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தாள். பூட்டும்போதே வாய்விட்டு "பூட்டியாச்சு" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். நெஞ்சு அடித்துக்கொண்டால் அடிக்கட்டும், அது தானாகவே அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் நாள் உயிரே போகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நாளில் அடங்கத்தான் செய்தது. நன்றாகத் தூங்கினார். டெப்போ அறையில் ஒரு கிழவருக்குக் கேள்வியே கேட்காமல் குடையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அவர் நன்றி சொன்னதும் என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தார்.

ஒருநாள் வாய் தவறி, யாரிடமும் சொல்லாத ஒரு விஷயத்தையும் சொல்லிவிட்டார்.

"கடைசி நாள். ஏறி நின்னேன். ஒருத்தரும் நிமிந்து பாக்கலை. அப்ப ஒரு பையன் எழுந்து, 'உக்காருங்க பெரியவரே'ன்னு இடம் கொடுத்தான். எனக்கு! நான் ஏறினா சீட்டைவிட்டு எழுந்து ஓடுவாங்க மேடம். இவன் பாவப்பட்டு எழுந்திருக்கிறான்."

"கப்பல்லயா?"

"பெரிய கப்பல்," என்றார் செக்கர். கை தானாகவே காகிதப் பெட்டிக்குப் போயிற்று. மூக்கைச் சிந்தி முடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் கேப்டன் இல்லை. பஸ் செக்கர்."

"சரி."

"உங்களுக்கு அதிர்ச்சியா இல்லையா?"

"முதல் நாள் என் பட்டத்தைக் கழட்டி வெளிச்சத்துல காட்டிப் பாத்தீங்களே. எந்தக் கேப்டன் அப்படிச் செய்வார்?"

செக்கருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இதையெல்லாம் வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"யார்கிட்ட சொல்ல? வீட்டுல ஒருத்தி இருக்கா."

"அவங்ககிட்ட?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் செக்கர் இதையே யோசித்தார். சொல்லிவிட வேண்டியதுதான். பின்னால் வந்ததை, ஒளிந்து நின்றதை, உள்ளே போனதை, இடம் கொடுத்த பையனை, எல்லாவற்றையும். நீ என்னைப் பற்றி அங்கே என்ன சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, என்னை விட்டுப் போய்விடாதே என்று கேட்டுவிட வேண்டும். வீட்டில் வைத்துச் சொன்னால் குக்கர் விசில் அடிக்கும், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்ப்பாள். வியாழக்கிழமை அந்த மையத்திலேயே காத்திருந்து, அவள் வெளியே வரும்போது சொல்வதுதான் கௌரவம்.

வியாழன் மாலை வரவேற்பறையில் போய் உட்கார்ந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். அறைக் கதவு திறந்தது. வெளியே வந்தவர் ஒரு வழுக்கைத்தலை மனிதர். அடுத்து உள்ளே போனது ஒரு கல்லூரிப் பெண். மனைவியைக் காணவில்லை.

செக்கர் எழுந்து, மேஜையில் இருந்த பெண்ணிடம் போனார். "வியாழக்கிழமை ஒரு டீச்சரம்மா இந்த வாசல் வழியா வருவாங்களே..."

"உள்ள வர்றவங்களைப் பத்தி நாங்க சொல்லக்கூடாது சார்," என்றாள் அவள். "மாடிக்குப் போறவங்களா இருந்தா, படிக்கட்டு அதோ அந்தப் பக்கம்."

மாடியா? டொக், டொக், டொக். செக்கர் படியேறினார். மேலே ஒரு பெரிய கூடம். நடுவில் பச்சை மேஜை, குறுக்கே வலை. ஒரு பக்கம் அவர்கள் தெரு மருந்துக்கடைக்காரம்மா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மறுபக்கம் அவருடைய தர்மபத்தினி, காலில் கேன்வாஸ் ஷூ, கையில் மட்டை, நெற்றியெல்லாம் வேர்வை. ஓங்கி அடித்தாள். பந்து மருந்துக்கடைக்காரம்மாவைத் தாண்டி வந்து செக்கரின் காலடியில் விழுந்தது.

"வாங்க," என்றாள் மனைவி. கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"நீ... கீழ போகலையா?"

"கீழ எனக்கென்ன வேலை? என் ஆட்டம் இங்கதானே."

"ஒரு வியாழன்கூட அந்த ரூமுக்குள்ள போனதில்லையா?"

"இல்லை. படிக்கட்டு அந்த வாசல் வழியா இருக்கு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"அப்ப நான் பின்னாடி வந்தது..."

"ஸ்கூல் வாசல்லயே பாத்துட்டேன். கடைத்தெருவுல நீங்க வழி தவறினப்ப, செருப்பைச் சரிபண்ற மாதிரி உங்களுக்காக நின்னேன். மரத்துக்குப் பின்னாடி வேற நின்னீங்க. ஒல்லி மரங்க அது. ரெண்டு பக்கமும் நீங்கதான் தெரிஞ்சீங்க."

மருந்துக்கடைக்காரம்மா அவசரமாகத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"நேரா சொன்னப்ப எனக்கென்ன பைத்தியமான்னு கேட்டீங்க. உங்களைப் போகச் சொன்னா போக மாட்டீங்க. நான் போறேன்னு சந்தேகம் வந்தா விடமாட்டீங்க. ராத்திரி நீங்க பூட்டை இழுக்கறதைக் கேட்டுக்கிட்டு எத்தனை நாள்தான் தூங்கற மாதிரி படுத்திருப்பேன்?"

செக்கருக்குக் கோபம் வரவேண்டிய நேரம் இது. எவ்வளவு தேடியும் வரவில்லை. அவள் தன்னை விட்டுப் போகவில்லை. போகிற எண்ணமே இல்லை. தன்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கண் கலங்கிவிட்டது அவருக்கு. அதோடு நிறுத்தியிருந்தால் மரியாதையாகப் போயிருக்கும். ஆனால் நெஞ்சு நிமிர்ந்த மனிதனின் வாய் சும்மா இருக்குமா?

"அப்ப என்மேல உனக்குக் குறைன்னு ஒண்ணுமே இல்லைன்னு சொல்லு!" என்றார், மீசையைத் தடவிக்கொண்டு.

மனைவி குனிந்து அவர் காலடியில் கிடந்த பந்தை எடுத்தாள்.

"யார் சொன்னா? கல்யாணமான நாள்லேர்ந்து சேத்து வச்சிருக்கேன். அதையெல்லாம் சொல்லத்தான் வர்ற செவ்வாய்க்கிழமை நானும் உங்ககூட உள்ள வரேன்."